முகத்தலும் எடுத்தலும்: வெடிமருந்தை அளந்த வரலாறு

நெகிரி செம்பிலான் மாநிலத்தில், போர்ட்டிக்சனுக்கு அணித்தாக உள்ள லுக்குட்டில், குன்றொன்றின் மீது பழைய கோட்டையின் சிதைவுகள் இன்றும் காணப்படுகின்றன. 1847ஆம் ஆண்டில் ராஜா ஜுமாட் கட்டிய கோட்டை அது. அக்காலத்தில் லுக்குட் சிலாங்கூர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. ஈயச் சுரங்கங்களால் பெருஞ்செல்வம் கொழித்த ஊர் அது. செல்வம் உள்ள இடத்தில் பூசலும் உண்டன்றோ? 1834ஆம் ஆண்டில் சுரங்கத்துச் சீனத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர். அதில் அவ்வட்டாரத்துத் தலைவர் ராஜா பூசு கொல்லப்பட்டார். 1846இல் லுக்குட்டைப் பெற்ற ராஜா ஜுமாட், அடுத்த ஆண்டே குன்றின்மேல் கோட்டை எழுப்பி, அகழி வெட்டி, பீரங்கிகளை நிறுத்தியதற்குக் காரணம் இதிலிருந்தே விளங்கும்.

ராஜா ஜுமாட் 1864இல் மறைந்தார். அவருக்குப்பின் லுக்குட்டின் வளமும் படிப்படியாகக் குன்றியது. 1878ஆம் ஆண்டு எல்லை உடன்பாட்டின்படி ஊர் சுங்கை ஊஜோங் ஆட்சிக்கு மாறியது. பின்னர் ஈயத்தின் இடத்தை ரப்பர் பிடித்துக்கொண்டது. கோட்டையைப் பற்றிப் பேசுவோர் அதன் மதிலையும் அகழியையும் கிணறுகளையும் பற்றிப் பேசுவர். பீரங்கிகளைப் பற்றியும் பேசுவர். ஆனால், அப்பீரங்கிகளின் வாயில் எவ்வளவு மருந்து இடுவது, நேற்று இட்ட அளவையே இன்றும் பிறழாமல் இடுவது எங்ஙனம் என்னும் வினாவைக் கேட்போர் அரியர். வினா சிறியதுதான். எனினும், ஐந்நூறு ஆண்டுக் காலம் படைத்தொழிலாளரையும் கணித அறிஞரையும் ஒருங்கே அலைக்கழித்த வினா அது.

நால்வகை அளவை

தமிழாசிரியர் ஆகுபெயர் நடத்தும்போது நால்வகை அளவைகளைச் சொல்வது வழக்கம். எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்பன அவை. எடுத்தல் என்பது தராசில் நிறுத்தல். முகத்தல் என்பது படி, உழக்கு, ஆழாக்கு முதலிய கலங்களால் அளத்தல். இவ்விரண்டும் வெவ்வேறு என்று மாணவர் எளிதாக ஒப்புவிப்பர். ஆயினும், இவ்விரண்டிற்கும் இடையே உள்ள வேற்றுமை எத்துணைப் பெரிது என்பதை அடுக்களையில் நிற்பவர்தாம் நன்கறிவர்.

ஓர் உழக்கில் அரிசியை நிரப்பித் தலைதட்டி அளந்தால், மறுமுறையும் ஏறத்தாழ அதே எடை கிடைக்கும். அதே உழக்கில் அரிசி மாவை நிரப்பிப் பார்த்தால் கதை வேறு. மெல்லச் சொரிந்தால் ஓர் எடை. உழக்கைத் தரையில் இருமுறை தட்டினால் மாவு அமுங்கி இடம் விடும், மேலும் ஒரு பிடி கொள்ளும். கலம் மாறவில்லை, பொருளும் மாறவில்லை, ஆனால் எடை மாறிவிட்டது. குவித்து அளப்பதா, தலைதட்டி அளப்பதா என்பதில் மற்றொரு வேறுபாடு. நெல் அளக்கும் களத்தில் நேர்ந்த வழக்குகளுள் பல இந்த ஒரு கைத்திறத்தால் வந்தவையே.

பழந்தமிழரசர் இதனை அறியாதவரல்லர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுக்களில் நெல் அளக்க ஆடவல்லான் என்னும் மரக்காலும், பொன் நிறுக்க அதே பெயருடைய கல்லும் குறிக்கப்பெறுகின்றன. முகக்க ஒன்று, நிறுக்க ஒன்று என இரண்டு வகை அளவுகோல்களையும் இறைவன் திருப்பெயரால் நிலைநிறுத்தினர். மலாய் நாட்டிலும் இவ்விரு முறைகளும் அருகருகே வழங்கின. அரிசிக்குக் கந்தாங்கும் சுப்பாக்கும் என்னும் முகத்தலளவைகள்; நான்கு சுப்பாக்கு ஒரு கந்தாங்கு. ஈயத்திற்குப் பிக்குலும் கட்டியும் என்னும் நிறுத்தலளவைகள். நூறு கட்டி ஒரு பிக்குல். விலை மலிந்த பொருளை முகந்தனர்; விலை உயர்ந்ததை நிறுத்தனர்.

வெடிமருந்து எந்த வகை? விலையால் அது பொன்னன்று. ஆனால் அதில் ஏற்படும் பிழைக்கு உரிய விலை உயிர். ஆகவே அதனை நிறுக்கவேண்டும் என்பது வெளிப்படை. ஆனால் மதில்மேல் நிற்பவனிடம் தராசு இல்லை. நிறுப்பதற்கு நேரமும் இல்லை. எனவே அவன் முகந்தான். முகத்தலளவையைக் கொண்டு எடுத்தலளவையின் உறுதியைப் பெறுவது எவ்வாறு என்பதே வெடிமருந்து அளவையின் வரலாறு முழுவதும்.

மாவு மருந்தும் மணி மருந்தும்

வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றும் கலந்ததே பழைய கருமருந்து. நூறு பங்கில் வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்பது பிற்காலத்தில் நிலைபெற்ற விகிதம். தொடக்கக் காலத்தில் இம்மூன்றையும் இடித்துப் பொடியாக்கிக் கலந்தனர். அந்த மாவு மருந்துக்கு இரண்டு குறைகள் இருந்தன. வண்டியில் ஏற்றிச் செல்லுங்கால் குலுங்கிக் குலுங்கிக் கலவை பிரிந்துபோகும். பீரங்கிக்குள் இடும்போது, இறுகத் திணித்தால் ஒரு விதமாகவும் தளர விட்டால் வேறு விதமாகவும் எரியும். அரிசி மாவிற்குச் சொன்ன குற்றம் யாவும் அதற்கும் உண்டு.

பதினைந்தாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் இதற்கு ஒரு வழி கண்டனர். பொடியை நனைத்துப் பிசைந்து, கட்டியாக்கி, உடைத்து, சல்லடையில் சலித்து, சிறு சிறு மணிகளாக்கி உலர்த்தினர். மூன்று பொருள்களும் ஒவ்வொரு மணிக்குள்ளும் சேர்ந்தே இருந்தமையால் கலவை பிரியவில்லை. மணிகளுக்கிடையே உள்ள வெளியில் தீ விரைந்து பரவியதால் ஆற்றலும் மிகுந்தது. இவ்விரு நன்மைகளையும் வரலாற்று நூல்கள் எடுத்துரைக்கின்றன. மூன்றாவது நன்மை ஒன்று உண்டு. அதுவே இங்குக் கருதத்தக்கது. மாவாக இருந்த மருந்து அரிசியைப்போல ஆயிற்று. ஒரே சல்லடையில் தேறிய மணிகள் ஏறத்தாழ ஒரே பருமன் உடையவை. அவை கலத்துள் தண்ணீர்போல் ஓடி விழும். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே வகையாக அமையும். அளக்கும் கலத்தைச் செம்மை செய்யுமுன், அளக்கப்படும் பொருளைச் செம்மை செய்தனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இத்தொழிலில் தமிழகத்திற்கும் பங்கு உண்டு. சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613ஆம் ஆண்டில் கெல்டிரியா கோட்டையை அமைத்தனர். 1620களில் அங்கே வெடிமருந்து ஆலை ஒன்றும் எழுந்தது. அதன் மருந்து பத்தாவியாவிற்கும் பிற கீழை நாட்டு டச்சுத் தளங்களுக்கும் கப்பலேறியது. 1641இல் டச்சுக்காரர் மலாக்காவைக் கைப்பற்றினர். சோழமண்டலக் கடற்கரைக்கும் மலாக்கா நீரிணைக்கும் இடையே துணியும் நெல்லும் மட்டுமன்றி மருந்தும் போய் வந்த காலம் அது.

அகப்பை அளவு

பழைய பீரங்கிகள் வாய்வழி மருந்து நிரப்பப்படுபவை. நீண்ட கழியின் நுனியில் செம்புத் தகட்டாலான அகப்பை ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். இரும்பு தீப்பொறி எழுப்பும் என அஞ்சிச் செம்பைக் கையாண்டனர். பீப்பாயில் அகப்பையை விட்டு மருந்தை அள்ளி, குழலின் அடிவரை செலுத்தி, கழியைத் திருப்பினால் மருந்து அடியில் விழும். அகப்பையின் நீளமும் அகலமும் அந்தப் பீரங்கிக்கென்றே கணித்து வெட்டப்பட்டவை. ஒரு பீரங்கியின் அகப்பை மற்றொன்றிற்கு ஆகாது.

எவ்வளவு மருந்து? குண்டின் எடையில் மூன்றில் ஒரு பங்கு என்பது பிற்காலத்தில் பரவலாக வழங்கிய கணக்கு. ஒன்பது இராத்தல் குண்டிற்கு மூன்று இராத்தல் மருந்து. கணக்கு எடையில் இருக்கிறது. கையிலோ அகப்பை இருக்கிறது. குவியலாக அள்ளினால் மிகும்; தலைதட்டினால் குறையும்; குழலுக்குள் செலுத்தும்போது சிறிது சிந்தும். பதற்றமும் புகையும் இருளும் சேர்ந்தால் இரண்டு அகப்பை இட்டோமா மூன்று இட்டோமா என்ற எண்ணிக்கையே தவறக்கூடும். குறைந்தால் குண்டு இலக்கிற்கு முன்னே விழும். மிகுந்தால் குழலே வெடித்து, பகைவனுக்கு உரிய சாவு பீரங்கிக்காரனைச் சேரும்.

ஆகவே அளக்கும் வேலையைப் போர்க்களத்திலிருந்து பிரித்து, மருந்துக் கிடங்கிற்குக் கொண்டுசென்றனர். கிடங்கில் அமைதியாக அமர்ந்து, செம்புக் கலங்களால் அளந்து, காகிதப் பையிலோ கம்பளித் துணிப் பையிலோ கட்டி வைத்தனர். களத்தில் பையை எடுத்துச் செருகுவது மட்டுமே வேலை. அளப்பவன் வேறு, சுடுபவன் வேறு என்றாயிற்று. அமைதியான கையே ஒரே சீராக அளக்கும் என்ற உண்மையை இம்மாற்றம் காட்டுகிறது.

தேவனாம்பட்டினத்தில் மறைந்த கணித அறிஞர்

இவ்வளவு முயன்றும் ஒரு வினா எஞ்சியது. ஒரே அளவு மருந்து ஒரே ஆற்றலைத் தருகிறதா என்று எப்படி அறிவது? குண்டு பறக்கும் வேகத்தைக் கண்ணால் அளக்க முடியாது. இதற்கு விடை கண்டவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலேயர். 1707இல் பாத் நகரில் பிறந்த இவர், 1742இல் பீரங்கியியலின் புதிய கொள்கைகள் பற்றிய நூலை வெளியிட்டார். கனத்த பலகையொன்றை ஊசல்போல் தொங்கவிட்டு, அதன்மேல் சுடச் செய்தார். குண்டு பாய்ந்ததும் ஊசல் பின்னோக்கி ஆடும். எவ்வளவு தூரம் ஆடியது என்பதை நாடாவால் அளந்து, குண்டின் எடையையும் ஊசலின் எடையையும் கொண்டு வேகத்தைக் கணித்தார். துப்பாக்கிக் குண்டு நொடிக்கு 1,600 அடிக்கும் மேலான வேகத்தில் செல்லக்கூடும் என்பது இதனால் புலனாயிற்று. 1746இல் அரச கழகம் இவருக்குக் காப்ளி பதக்கம் அளித்தது. இவருடைய நூலைப் பெருங்கணித மேதை ஆய்லர் ஜெர்மன் மொழியில் பெயர்த்து விளக்கவுரையும் எழுதினார்.

இவ்வறிஞரின் இறுதி நாள்கள் தமிழ் மண்ணில் கழிந்தன என்பது பலர் அறியாத செய்தி. கிழக்கிந்தியக் கும்பினி தன் கோட்டைகளைச் செப்பனிட இவரைத் தலைமைப் பொறியாளராக அமர்த்தியது. 1750இல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்திலுள்ள புனித டேவிட் கோட்டைக்கு வந்தார். அங்கும் சென்னையிலும் அரண்களைத் திருத்தும் பணியில் ஈடுபட்டார். காய்ச்சல் கண்டு, 1751ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 29ஆம் நாள் அக்கோட்டையிலேயே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு அகவை நாற்பத்து நான்கு.

ராபின்ஸ் காட்டிய வழியில் சார்லஸ் ஹட்டன் என்னும் கணித ஆசிரியர் ஊலிச் நகரில் பீரங்கிகளைக் கொண்டு சோதனைகள் நடத்தி, 1778இல் தாமும் காப்ளி பதக்கம் பெற்றார். ஒரே குண்டிற்கு மருந்தின் எடையை மாற்றினால், வேகம் அவ்வெடையின் வருக்க மூலத்தைப் பின்பற்றி மாறுகிறது என்பது அவர் கண்ட முடிபு. மருந்தை நான்கு மடங்காக்கினால் வேகம் இரண்டு மடங்காகும் என்பது பொருள்.

இதனை வகுப்பறைக் கணக்காகச் செய்து பார்க்கலாம். காற்றின் தடையை நீக்கிக் கருதினால், குண்டு சென்று விழும் தூரம் வேகத்தின் வருக்கத்தைப் பொறுத்தது. வேகமோ மருந்தெடையின் வருக்க மூலத்தைப் பொறுத்தது. ஆகவே தூரம் மருந்தின் எடையையே பொறுத்து மாறும். மருந்து பத்தில் ஒரு பங்கு குறைந்தால், ஆயிரம் கஜத்தில் விழவேண்டிய குண்டு தொள்ளாயிரம் கஜத்திலேயே விழும். காற்றின் தடை இவ்வேற்றுமையை ஓரளவு குறைக்கும், எனினும் நீக்கிவிடாது. குவித்த அகப்பைக்கும் தலைதட்டிய அகப்பைக்கும் இடையே உள்ள வேறுபாடு அற்பமன்று என்பதைக் கணிதம் இவ்வாறு மெய்ப்பித்தது.

குப்பியும் தோட்டாவும்

பீரங்கியைப் போலவே கைத்துப்பாக்கியிலும் இதே போராட்டம் நடந்தது. பதினேழாம் நூற்றாண்டுப் படைவீரன் தோளில் குறுக்காக ஒரு வார் அணிந்து, அதில் சிறு மரக்குப்பிகளைத் தொங்கவிட்டிருந்தான். ஒவ்வொரு குப்பியிலும் ஒரு வெடிக்கு உரிய மருந்து. பெரும்பாலும் பன்னிரண்டு குப்பிகள் இருந்தமையால் ஏசுநாதரின் பன்னிரு திருத்தூதர் என வேடிக்கையாகப் பெயரிட்டனர். பின்னர் மருந்தையும் குண்டையும் ஒன்றாகக் காகிதத்தில் சுருட்டிய தோட்டா வந்தது.

தோட்டாவில் மருந்து சரியாக அளந்து வைக்கப்பட்டிருந்தாலும், அது முழுவதும் குழலுக்குள் செல்லவில்லை. வீரன் தோட்டாவைப் பல்லால் கிழித்து, சிறிது மருந்தைத் துப்பாக்கியின் பக்கத்திலுள்ள பற்றுகிண்ணத்தில் இட்டு, எஞ்சியதையே குழலில் கொட்டினான். கிண்ணத்தில் எவ்வளவு இட்டான்? ஒருவன் சிட்டிகை இட்டான். மற்றொருவன் தாராளமாக இட்டான். காற்று சிறிது கொண்டுபோயிற்று. கிடங்கில் எத்துணைத் திருத்தமாக அளந்தாலும், களத்தில் அது பாழாயிற்று.

1807இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் பார்சைத் என்னும் சமயகுரு, அடித்தால் தீப்பற்றும் மருந்தைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்த உரிமை பெற்றார். அதிலிருந்து வளர்ந்த செம்புத் தொப்பி முறை, பற்றுகிண்ணத்திற்கு மருந்து ஒதுக்கும் தேவையை நீக்கிற்று. தோட்டாவிலுள்ள மருந்து முழுவதும் குழலுக்கே சென்றது. துப்பாக்கி ஒரே சீராகச் சுடத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

1853ஆம் ஆண்டு மாதிரி என்பீல்டு துப்பாக்கியின் தோட்டாவில் இரண்டரை டிராம் மருந்து இருந்தது. பதினாறு டிராம் ஓர் அவுன்சு. பதினாறு அவுன்சு ஓர் இராத்தல். ஓர் இராத்தலை ஏழாயிரம் கிரெய்ன் எனப் பகுத்தால், இரண்டரை டிராம் ஏறத்தாழ 68 கிரெய்ன் ஆகும். கிரெய்ன் என்னும் பெயர் தானிய மணியிலிருந்து வந்தது. நம் பொற்கொல்லர் குன்றிமணியைக் கொண்டு பொன்னை நிறுத்தது போன்றதே இதுவும். இயற்கை தந்த மணியே உலகெங்கும் நுண்ணெடைக்கு முதல் படிக்கல்லாக இருந்தது. இந்த என்பீல்டு தோட்டாவின் காகிதத்தில் பூசிய கொழுப்பைப் பற்றி, 1857 ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டத்தில் எழுந்த பேச்சு பெருங்கிளர்ச்சிக்கு ஒரு பொறியாயிற்று என்பதை வரலாறு கற்றோர் யாவரும் அறிவர். மருந்தைச் சீராக அளந்து சுற்றி வைத்த காகிதத்தைப் பல்லால் கிழிக்க வேண்டியிருந்ததே அப்பூசலின் மூலம்.

கலம் ஒன்று, மருந்து வேறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மற்றொரு பெருமாற்றம் நிகழ்ந்தது. 1884இல் பிரான்சு நாட்டு வியேல் என்பவர் புகையற்ற மருந்தைச் செய்தார். 1887இல் ஆல்பிரடு நோபல் பாலிஸ்டைட் என்னும் மருந்திற்கு உரிமை பெற்றார். 1889இல் பிரிட்டனில் கார்டைட் உருவாயிற்று. இவை பழைய கருமருந்தைக் காட்டிலும் பன்மடங்கு ஆற்றல் உடையவை.

வேட்டைக்காரர்களிடம் அப்போது இருந்தவை பழைய கலங்கள். கருமருந்துக்கென்று கோடு கிழித்த அளவுக் குவளைகள் அவை. மூன்று டிராம் என்று குறித்த கோடு வரை நிரப்பினால், மூன்று டிராம் எடையுள்ள கருமருந்து கிடைக்கும். அதே கோடு வரை அடர்த்தி மிகுந்த புதிய மருந்தை நிரப்பினால் என்ன நேரும்? கலத்தின் கோடு டிராம் என்று சொல்லும். குழலோ அதைத் தாங்காது. துப்பாக்கிகள் வெடித்தன, கைகளும் கண்களும் போயின. முகத்தலளவையை எடுத்தலளவையாக எண்ணி மயங்கியதன் விளைவு அது.

மருந்து செய்தோர் இதற்கு இருவகையில் வழி கண்டனர். ஒரு சாரார், புதிய மருந்தையும் பருமனாகவும் இலேசாகவும் செய்து, பழைய கலத்தில் பழைய கோட்டிலேயே நிரப்பினால் பழைய ஆற்றலைத் தருமாறு அமைத்தனர். மற்றொரு சாரார், செறிவான மருந்தைச் செய்து, இதனைக் கலத்தால் அளக்கலாகாது, தராசில்தான் நிறுக்கவேண்டும் என எச்சரித்தனர். இன்றும் சில தோட்டாப் பெட்டிகளின்மேல், இத்தனை டிராம் கருமருந்துக்கு ஒப்பானது என்ற குறிப்பு அச்சிடப்படுகிறது. உள்ளே இருப்பது அத்தனை டிராம் எடையன்று. ஆற்றல் மட்டுமே அதற்கு ஒப்பாகும். மறைந்த கருமருந்தின் அளவு, பெயரளவில் இன்றும் வாழ்கிறது.

இப்புதிய மருந்தும் தமிழகத்திற்கு வந்தது. நீலகிரியில் குன்னூரை அடுத்த அருவங்காட்டில் 1903இல் கார்டைட் தொழிற்சாலை நிறுவப்பட்டது. குளிர்ந்த மலைக்காற்று இத்தொழிலுக்கு ஏற்றதென அவ்விடத்தைத் தேர்ந்தனர். 2021 முதல் அது இந்திய அரசின் வெடிபொருள் நிறுவனம் ஒன்றின் கீழ் இயங்கி வருகிறது. கார்டைட் என்பது பெயருக்கேற்பக் கயிறுபோல் இழையிழையாக இருப்பது. குறித்த பருமனுள்ள இழைகளைக் குறித்த நீளத்தில் வெட்டிக் கட்டாக்கித் தோட்டாவிற்குள் செலுத்தினர். நால்வகை அளவையுள் முகத்தலுக்கு இங்கே இடமில்லை. நீட்டலும் எண்ணலும் எடுத்தலும் ஒன்றுசேர்ந்தன.

சராசரி மறைக்கும் உண்மை

இன்று தோட்டாத் தொழிற்சாலைகளிலும், சட்டம் இடங்கொடுக்கும் நாடுகளில் இலக்குப் பயிற்சி செய்வோரிடத்தும், உருளை அளவி என்னும் கருவி உண்டு. மேலே மருந்து நிறைந்த புனல்; நடுவே குழிவுடைய உருளை. நெம்புகோலை உயர்த்தினால் குழிவு நிரம்பும். தாழ்த்தினால் மருந்து கீழே விழும். உருளையின் விளிம்பே தலைதட்டும் கோலாக அமைகிறது. பார்க்க விந்தையாகத் தோன்றினும், உள்ளபடி இதுவும் நம் உழக்கே.

உழக்கின் குணங்கள் யாவும் இதற்கும் உண்டு. புனல் நிறைந்திருக்கும்போது மேலிருக்கும் மருந்தின் பாரம் குழிவை இறுக்கமாக நிரப்பும். புனல் வற்றும்போது தளர்வாக நிரப்பும். நெம்புகோலை வேகமாகத் தட்டினால் ஓர் எடை; மெல்ல நகர்த்தினால் வேறோர் எடை. உருண்டை மணிகள் சீராக ஓடும்; குச்சி வடிவ மணிகள் குறுக்கே நின்று தடுக்கும். எனவே புனலின் மட்டம், கையின் அசைவு, மணியின் வடிவம் ஆகிய மூன்றும் ஒருபடித்தாக இருந்தால்தான் கருவி ஒருபடித்தாக அளக்கும். அப்போதும் அதன் சொல்லை அப்படியே நம்புவதில்லை. இடையிடையே எடுத்துத் தராசில் இட்டுப் பார்க்கின்றனர்.

தராசில் பார்ப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. பத்து முறை அளந்ததை ஒன்றாக நிறுத்துப் பத்தால் வகுத்தால் சராசரி கிடைக்கும். ஒரு கருவி எப்போதும் 99க்கும் 101க்கும் இடையே அளப்பதாகவும், மற்றொன்று 90க்கும் 110க்கும் இடையே தாவுவதாகவும் வைத்துக்கொண்டால், இரண்டின் சராசரியும் 100 ஆகவே இருக்கக்கூடும். சராசரியைப் பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றே. ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுப்பவனுக்குத்தான் முன்னது நம்பத்தக்கது, பின்னது ஆபத்தானது என்பது தெரியும். குழல் சராசரியைத் தாங்குவதில்லை. அந்த ஒரு வெடியைத்தான் தாங்கவேண்டும்.

தோட்டத்துப் பால்வாளி

இவ்வரலாறு பீரங்கியோடு முடிந்துவிடவில்லை. லுக்குட்டின் பீரங்கிகள் ஓய்ந்தபின், அவ்வட்டாரத்தில் ரப்பர் மரங்கள் எழுந்தன. தமிழகத்திலிருந்து வந்தோர் அம்மரங்களைச் சீவினர். மதிய வேளையில் பால்வாளிகளுடன் கொட்டகையின் முன் வரிசையாக நின்றனர். அங்கும் எழுந்தது இதே வினா.

வாளியின் அளவு கொள்ளளவைக் காட்டும். தோட்டத்திற்கு வேண்டியதோ உலர்ந்த ரப்பரின் எடை. பாலில் ரப்பர் எத்தனை பங்கு என்பது மரத்தின் வயது, பருவம், மழை ஆகியவற்றால் மாறும். இருவர் ஆளுக்கு இருபது கிலோ பால் கொண்டுவந்ததாகக் கொள்க. ஒருவர் பாலில் நூற்றுக்கு 35 பங்கு ரப்பர். மற்றவர் பாலில் 28 பங்கு. முன்னவர் தந்தது ஏழு கிலோ ரப்பர். பின்னவர் தந்தது ஐந்து கிலோ அறுநூறு கிராம். வாளி இருவரையும் ஒன்றென்று சொல்லும். ஆகவே பாலில் மிதக்கவிட்டு ரப்பரின் பங்கைக் காட்டும் மெட்ரோலாக் என்னும் மிதவை வந்தது. அதுவும் எப்போதும் உண்மை பேசும் கருவியன்று. பால் நுரைத்திருந்தாலும், வெப்பம் மாறினாலும், நீர் கலக்கும் விகிதம் பிறழ்ந்தாலும் அதன் கணக்கு மாறும். எனவே மாதிரிப் பாலை உறையவைத்து, உலர்த்தி, தராசில் நிறுத்து, மிதவையின் சொல்லைச் சரிபார்க்கும் வழக்கம் ஏற்பட்டது.

மிதவையைப் பாலில் இட்டு எண்ணைப் படிப்பவர் ஒருவர். அந்த எண்ணால் கூலி பெறுபவர் மற்றொருவர். படிப்பவர் கை நாள்தோறும் ஒரே சீராக இருந்ததா என்பதில் ஒரு குடும்பத்தின் அரிசியும் பிள்ளையின் பாடநூலும் அடங்கியிருந்தன. பீரங்கியில் அளவு பிறழ்ந்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். கூலியில் பிறழ்ந்தால் ஆண்டுகள் பல சென்றாலும் ஓசை எழாது. வரிசையில் நின்றவர் மெட்ரோலாக்கின் கோட்டைத் தாமே படிக்கக் கற்றிருந்தால், பிழை அங்கேயே புலப்பட்டிருக்கும்.

இன்று அத்தோட்டங்கள் பலவற்றில் ரப்பருக்குப் பதில் செம்பனை நிற்கிறது. ஆயினும், அளவைப் பாடத்தை நான்கு சொற்களை ஒப்புவிக்கும் பாடமாக மட்டும் கருதாமல், ஓர் உழக்கும் சிறு தராசும் கொஞ்சம் அரிசியும் மாவும் வகுப்பிற்குக் கொண்டுவந்து, மாணவரையே பத்து முறை அளந்து பத்து முறையும் நிறுத்துப் பார்க்கச் செய்வது ஆசிரியர்க்கு எளிது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றனர் முன்னோர். அளந்ததை நிறுத்துப் பார்க்கும் பழக்கம் பள்ளியிலேயே வரவேண்டும்.